நான் கேட்ட நேரத்திலிருந்து

காற்றிழுக்கும் ஆறு பேன்களும் நின்றுவிட்டால் பத்து நிமிடம். அதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிட வேண்டும். இதை அப்பா எனக்கு முதலில் சொன்னபோது நான் பத்தாவது முடித்திருந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கோழியும் போயிரும், நாமளும் போயிரோணும்," என்றார்.

எருமப்பட்டியிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்தப் பண்ணை. எங்கள் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகள்தான் அதிகம். அவற்றுக்கு இரண்டு பக்கமும் கம்பி வலை. காற்று தானாக வந்து போகும். இது கறிக்கோழி. நான்கு பக்கமும் அடைத்த நீளமான கொட்டகை. ஒரு முனையில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் அட்டைச் சுவர், மறுமுனையில் என் நெஞ்சு உயரத்துக்கு ஆறு பேன்கள். பேன்கள் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து வெளியே தள்ள, ஈர அட்டை வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஏழாயிரம் கோழிகள் அந்தக் காற்றில் உயிரோடு இருந்தன. வெளியே சித்திரை வெயில் எரிக்கும்போதும் உள்ளே நின்றால் கை சில்லிடும்.

பண்ணை வேலைக்குப் புருசன் பெண்டாட்டியாகத்தான் ஆள் எடுப்பார்கள். கொட்டகையை ஒட்டி ஒரு அறை, ஒரு குழாய், ஒரு கக்கூஸ். அதுதான் எங்கள் வீடு. வேறு வீடு எங்களுக்கு எந்த ஊரிலும் கிடையாது. ஒரு கொட்டகைக் கோழி செத்தால் அந்த அறையும் போய்விடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் சொல்லாமலே தெரியும்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் பக்கம் கரண்ட் ஒரு நாளில் பத்துத் தடவை கண்ணடிக்கும். ஒவ்வொரு தடவையும் ஜெனரேட்டர் உறுமிவிட்டு நின்றால் அது சீக்கிரம் கெட்டுவிடும் என்று பண்ணைக்காரர் அதைக் கையால் போடும்படி மாற்றிவிட்டார். பதிலுக்கு ஒரு ஹாரன். கரண்ட் போனதும் எங்கள் அறைக்கு வெளியே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி அலறும். யாராவது ஓடிப்போய்ச் சாவியைத் திருக வேண்டும். அதனால் ஒரு விதி: ஹாரன் கேட்கும் தூரத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். ஏழு வருடத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு விசேஷத்துக்கும் சேர்ந்து போனதில்லை. கல்யாணத்துக்கு அம்மா போனால் சாவுக்கு அப்பா போவார்.

நான் இன்ஜினியரிங் முடித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். படிப்பு முடிந்து ஒரு வருடம் வேலை எதுவும் கிடைக்காமல் பண்ணைக்கே திரும்பி வந்தேன். அப்பா என்னைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினார். அந்தப் பெட்டியின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகளைப் படித்துக் காட்டச் சொன்னார். அதுவரை அவர் விளக்குகளின் நிறத்தை வைத்தே அதை ஓட்டிக்கொண்டிருந்தார். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் ஓடு. நான் அதோடு வந்த கையேட்டைப் படித்தேன். வெப்பநிலையை மாற்றினேன். பேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் நேரத்தைத் திருத்தினேன். "எம்பையன் அந்தப் பொட்டியோட பேசறானுங்க," என்று தீவன லாரி டிரைவரிடம் அப்பா சொன்னதைக் கேட்டேன்.

அந்த ஒரு வருடத்தில் நான் வேறு ஒன்றிலும் தேறியிருந்தேன். போனில் நான்கு நான்கு பேராகக் குழு சேர்ந்து விளையாடும் விளையாட்டு அது. ஒரு தீவில் நூறு பேர் இறங்குவார்கள். துப்பாக்கி தேடி எடுக்க வேண்டும், மற்றவர்களைச் சுட வேண்டும், கடைசிவரை சாகாமல் இருக்க வேண்டும். ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவன் செத்துப்போவான். எங்கள் குழுவில் ஒருவன் ஆத்தூர், ஒருவன் சேலம், ஒருவன் ராசிபுரம். நான் தலைவன். எங்கே ஓட வேண்டும், எப்போது சுட வேண்டும் என்று நான் சொல்வேன். வெளியே என் பேச்சை யார் கேட்டார்கள்? அந்தத் தீவில் மூன்று பேர் கேட்டார்கள்.

சுடுவதில் நான் பெரிய ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது மனிதர்கள் எப்படி மாறுகிறார்கள் என்பது. முன்னிலையில் இருக்கும் குழு கடைசி வட்டத்தில் கல்லாகிவிடும். இருப்பதைக் காப்பாற்றப் பார்த்து, இருக்கும் இடத்திலேயே செத்துப்போகும். பின்தங்கிய குழு பாயும். இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்தியவன் மூன்றாவது ஆளும் தனக்குத்தான் என்று நம்பி மறைவை விட்டு எழுவான். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வட்டம் சிறிதாகும்போது பார்வையும் சிறிதாகிவிடும். திரையின் ஓரத்தில் நடப்பது தெரியாது. ஆனால் காது நீளும். ஹெட்போனில் காலடி ஓசை வலமா இடமா, புல்லா மரப்பலகையா என்று என்னால் சொல்ல முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ராசிபுரத்துக்காரன் மட்டும் ஒரு காதில்தான் ஹெட்போன் மாட்டுவான். அவன் வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் விளையாடுவான். அவன் மைக்கைத் திறந்தாலே தடதடவென்று தறியும் சேர்ந்து பேசும்.

"ரெண்டு காதுலயும் மாட்டுடா," என்று அவனைத் திட்டுவேன். "பின்னால வந்தவன் காலடி உனக்குக் கேக்கவே இல்ல."

"ஒரு காது தறிக்கு மாப்ள. நூலு அந்து தறி நின்னு கெடந்துச்சுன்னா எங்கப்பன் காதையே அறுத்துப்புடுவாரு."

"நாலு தறி ஓடுது. அந்தச் சத்தத்துல ஒண்ணு நின்னா உனக்கு எப்பிடிறா தெரியும்?"

"சத்தம் வந்தாத்தான் தெரியாது. சத்தம் கொறஞ்சாத் தெரியும்."

"அப்ப நீ பாதி ஆளு," என்றான் ஆத்தூர்க்காரன். "நம்ம டீம்ல மொத்தம் மூணரை பேரு."

அந்தச் சித்திரையில் ஒரு போட்டி வந்தது. மூன்று ஆட்டம். மொத்தப் புள்ளியில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் குழு மறுநாள் மாலை அடுத்த சுற்றுக்குப் போகும். அதுவரை நாங்கள் அவ்வளவு தூரம் வந்ததில்லை. ஆட்டங்கள் பகல் பதினொன்றரைக்குத் தொடங்கின. அதே நாளில் சேந்தமங்கலத்தில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம்.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போகட்டும் என்று சொன்னது நான்தான்.

"ஏனுங்க, நெசமாலுமே ரெண்டு பேரும் போலாமுங்களா?" என்று அம்மா அப்பாவிடம் மூன்றாவது முறையாகக் கேட்டாள். பட்டுப்புடவை கட்டியாகிவிட்டது. கோழிகளுக்குத் தீவனம் போட்டு, தண்ணீர்க் குழாய்களைப் பார்த்து, குளித்து, தலையில் பூவும் வைத்தாகிவிட்டது.

"பையன் இருக்கறானல்ல. அந்தப் பொட்டி என்னைய விட அவனுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"சாமி, ஹாரன் அடிச்சா மொதல்ல சாவி. அப்புறந்தான் வேற எதுவும்."

"தெரியுமுங்கம்மா. நீங்க போயி நிம்மதியா உக்காந்து சாப்புட்டுட்டு வாங்க. சோடியாப் பந்தியில உக்காந்து எத்தன வருசமாச்சு?"

அம்மா வெட்கப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வண்டியைக் கிளப்பினார். "பொழுதுக்குள்ள வந்தர்றோம்," என்றார். அம்மா வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி கொட்டகையையே பார்த்துக்கொண்டு போனாள்.

முதல் ஆட்டத்திலேயே ஹாரன் இரண்டு தடவை அலறியது. இரண்டு தடவையும் கரண்ட் கண்ணடித்துவிட்டு உடனே வந்துவிட்டது. அதற்குள் நான் எழுந்து ஓடியிருந்தேன். திரும்பி வருவதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள்.

"என்ன மாப்ள, உங்க ஊட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்திருச்சா?" என்றான் சேலத்துக்காரன்.

"காது போச்சுடா. இன்னொரு தடவ அது கத்துச்சுன்னா நானே வந்து உடைக்கறேன்," என்றான் ஆத்தூர்க்காரன்.

அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு மணி நேரத்துக்கு ஹாரன் வாய் திறக்காது. பழுது பார்ப்பவர்களுக்காக வைத்தது. அதில் எழுதியிருந்ததை அப்பாவால் படிக்க முடியாது. ஹாரனை அடக்க முடியும் என்பதே அவருக்குத் தெரியாது. அது அலறியபோதெல்லாம், பொய்யாகவோ மெய்யாகவோ, அவர் ஏழு வருடம் ஓடினார். நான் கையேடு படித்தவன். இரண்டாம் ஆட்டம் நடக்கும்போது அது இன்னொரு தடவை அலறி எங்களைக் கெடுத்தது. நாங்கள் நான்காம் இடத்தில் இருந்தோம். மூன்றாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. பேன்களுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஒரு சுவர்தான். ஏழு வருடம் அந்த இரைச்சலில் தூங்கியவன். அது நின்றால் எனக்குத் தெரியாமலா போகும்? அதை ஆபத்து என்று நான் எண்ணவே இல்லை. விளையாட்டில் ஒரு மறைவை விட்டு ஓடுவதற்கு முன் எத்தனை யோசிப்பேன். இங்கே இரண்டு நொடிகூட யோசிக்கவில்லை.

மூன்றாம் ஆட்டத்தில் எல்லாம் எங்களுக்கு வாய்த்தது. ஆத்தூர்க்காரனும் சேலத்துக்காரனும் நடுவில் செத்துப்போனார்கள். நானும் ராசிபுரத்துக்காரனும் மிஞ்சினோம். ஒரு மேட்டுச் சரிவில் இடிந்த மதிலுக்குப் பின்னால் படுத்திருந்தோம். இன்னும் மூன்று குழுக்கள் இருந்தன. முதலிடம் வந்தால் அடுத்த சுற்று. இரண்டாமிடம் வந்தால் இல்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது.

என் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டித் திரையில் விழுந்தது. துடைத்தேன். மறுபடி விழுந்தது. பதற்றம் என்று நினைத்தேன். அறையில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறி நின்றுவிட்டது என்று நினைக்கவில்லை. போன் சிம்கார்டு இணையத்தில் ஓடியதால் ஆட்டம் தடைபடவில்லை. என் காதுகள் இரண்டும் அந்தச் சரிவின் புல்லில் இருந்தன. யாரோ ஒருவன் வலது பக்கம் ஊர்ந்து வந்தான். எங்கேயோ தொலைவில், இல்லாத ஒரு தீவில், இல்லாத ஒரு புல் நசுங்குவது எனக்குக் கேட்டது.

அவனைச் சுட்டேன். இன்னும் இரண்டு குழு.

"டேய்," என்றான் ராசிபுரத்துக்காரன். "நான் அப்பவே கேட்டேன், நீ பதிலே சொல்லல. உம்பக்கம் பேன் சத்தத்தக் காணமேடா."

என் மைக்கின் வழியாக எங்கள் பேன்களின் இரைச்சல் எப்போதும் அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அது நின்றது தெரியவில்லை. தறிக்காரனுக்குத் தெரிந்தது. அவன் முதல் தடவை சொன்னது என் காதில் விழவே இல்லை. இரண்டாம் தடவை சொன்னது விழுந்தது.

கேட்டது என்பதை நான் எழுதியே ஆக வேண்டும். கேட்டது, புரிந்தது, பக்கத்துச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

"ஜெனரேட்டர் போட்டுக்குவாங்க," என்றேன்.

யார் போட்டுக்கொள்வார்கள்?

"உங்கப்பா கல்யாணத்துக்குப் போறாருன்னு சொன்னியே. எந்திரிச்சுப் போயிப் பாரு மாப்ள. நான் சமாளிச்சுக்கறேன்."

"வாய மூடிட்டு லெப்ட்டப் பாரு."

அவன் தறி மட்டும் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கணக்குப் போட்டேன். பத்து நிமிடம் இருக்கிறது. இந்த வட்டம் மூடுவதற்கு மூன்று நிமிடம். எழுந்து போய்ச் சாவி திருகுவதற்கு ஒரு நிமிடம். மூன்றும் ஒன்றும் நான்கு. ஆறு நிமிடம் கையில் நிற்கும். வேலைக்கு நேர்காணல் போன இடங்களிலெல்லாம் என் பெயரைச் சொல்லவே தடுமாறியவன் நான். அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தேன். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

அந்தக் கணக்கில் ஒரே ஒரு பிழை. பத்து நிமிடத்தை நான் கேட்ட நேரத்திலிருந்து எண்ணினேன். கரண்ட் போன நேரத்திலிருந்து எண்ணவில்லை.

ஜெயித்தோம். கடைசி ஆளை ராசிபுரத்துக்காரன்தான் சுட்டான். ஆத்தூர்க்காரனும் சேலத்துக்காரனும் ஹெட்போன் கிழியக் கத்தினார்கள். நான் அதைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

அப்படி ஒரு அமைதியை அந்தப் பண்ணையில் நான் கேட்டதே இல்லை. கோழிகள் கத்தும் என்று நினைத்திருந்தேன். கத்தவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காக்கை கரைந்தது அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

ஓடினேன். சாவியைத் திருகியதும் ஜெனரேட்டர் முதல் தடவையிலேயே பிடித்தது. கரண்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் கைப்பிடியைத் தள்ளினேன். பேன்கள் ஒவ்வொன்றாகச் சுழலத் தொடங்கின. நான் அவற்றுக்கு எதிரே நின்றிருந்தேன். முதலில் வெளியே வந்த காற்று என் முகத்தில் அடித்தது. சூடாக, ஈரமாக, ஒரே ஒரு பெரிய விலங்கு வாயைத் திறந்து என் மேல் மூச்சு விட்டதுபோல இருந்தது. அந்த வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது.

கதவைத் திறந்தேன். ஈர அட்டைப் பக்கம் இருந்த கோழிகள் இறக்கைகளை விரித்து, அலகைப் பிளந்துகொண்டு நின்றிருந்தன. என்னைப் பார்த்து நகரவில்லை. நடுப்பகுதியில் உட்கார்ந்திருந்தன. பேன்கள் இருந்த முனைக்குப் போகப் போகத் தரையே தெரியாமல் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. காற்றைத் தேடி அந்தப் பக்கம் ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. மேலே இருந்தவற்றைத் தூக்கி எறிந்தால் அடியில் எங்கேயோ ஒரு கால் உதறும். அதை இழுத்து வெளியே எடுப்பதற்குள் அதுவும் நின்றுவிடும். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

பெட்டி தன் பட்டியலில் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது. ஹாரனை அடக்கிய நேரம் இருந்தது. கரண்ட் போனது ஒன்று நான்கு. ஜெனரேட்டர் ஓடியது ஒன்று இருபத்தொன்று.

அப்பாவும் அம்மாவும் மூன்று மணிக்கு வந்தார்கள். அம்மா கையில் தாம்பூலப் பை. வண்டி நிற்பதற்குள் அப்பா இறங்கிவிட்டார். ஜெனரேட்டர் ஓடும் சத்தம் அவருக்கு ரோட்டிலேயே கேட்டிருக்கும். வெள்ளை வேட்டியோடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "மூணுல ஒரு பங்கு போச்சு," என்றார். அவர் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. பிறகு என்னிடம் கேட்டார்.

"ஹாரன் அடிக்கலையா சாமி?"

"அடிக்கலீங்கப்பா."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்ப அந்தப் பொட்டி கெட்டுப் போச்சு," என்றார். என் தோளைத் தொட்டார். "நீ இருந்தங்காட்டி மிச்சமாவது பொழச்சுது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து, செத்த கோழிகளைச் சாக்கில் அள்ளத் தொடங்கினாள். தலையில் பூ அப்படியே இருந்தது.

மாலையில் பண்ணைக்காரர் வந்தார். கொட்டகைக்குள் போய்விட்டு வந்து வாசலில் நின்றார்.

"ரெண்டு பேருமா போனீங்க?"

"ஆமாங்க. தப்புத்தானுங்க," என்றார் அப்பா. "பையன் இருந்தானுங்க. ஹாரன் அடிக்கலீங்க."

"நாளைக்குக் காலையில மெக்கானிக் வருவான். பொட்டியில கோளாறுன்னா அது அவன் பாடு. பொட்டி நல்லா இருந்துச்சுன்னா, ஏப்பா, இந்தப் பேட்ச் கோழிய வித்து எடுத்ததும் நீங்க வேற எடம் பாத்துக்கோங்க."

அப்பா தலையாட்டினார். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் மகன் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் விடிந்ததும் நான் பெட்டியின் முன்னால் போய் நின்றேன். அந்தப் பட்டியலை அழிக்கவும் முடியும். கையேட்டின் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் அது இருந்தது. மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அழித்துவிட்டு, ஹாரனுக்குப் போகும் ஒயரை லேசாகத் தளர்த்திவிட்டால் போதும். மெக்கானிக் ஒயரைப் பார்ப்பான், முறுக்குவான், போய்விடுவான். அப்பா அம்மாவுக்கு அறை நிற்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. மெக்கானிக் வர எவ்வளவு நேரம், ஸ்க்ரூடிரைவர் எங்கே இருக்கிறது, அம்மா எந்தப் பக்கம் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று என் மூளை அடுக்கிக்கொண்டே போனது.

நேற்றைய அதே தெளிவு. எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது.

அதனால்தான் பயந்தேன். நல்லவனாக இருக்க வேண்டும் என்று நான் விலகி வந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்தத் தெளிவைப் பார்த்துப் பயந்து வந்தேன்.

கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அப்பா கோழிகளைப் புதைத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புத் தூள் அவர் லுங்கியெல்லாம் படிந்திருந்தது. பண்ணைக்காரர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். நான் அவரிடம் போய், ஹாரனை அடக்கியது நான்தான் என்றேன். விளையாடிக்கொண்டிருந்தேன் என்றேன். அப்பாவின் மண்வெட்டி நின்றது.

பண்ணைக்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை மூக்கிலிருந்து எடுத்தார்.

"பேன் நின்னது உனக்குத் தெரியல?"

"மொதல்ல தெரியலீங்க. அப்புறம் ஒருத்தன் சொன்னானுங்க."

"சொன்னதும் எந்திரிச்சியா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சும் உக்காந்திருந்தியா? எத்தன நேரம்?"

"மூணு நாலு நிமிசம் இருக்குமுங்க."

"அந்த நாலு நிமிசமும் என்ன நெனச்சுக்கிட்டிருந்த?"

"இன்னும் நேரம் இருக்குதுன்னு நெனச்சனுங்க."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டார். என் வயதில் அவருக்கும் ஒரு மகன் இருந்தான்.

"தூங்கிட்டேன்னு சொல்லியிருந்தீன்னா வுட்டிருப்பேன் தம்பி. நீ முழிச்சுக்கிட்டு இருந்திருக்கற. எனக்கு அதுதான் பயமா இருக்குது." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீங்க ரெண்டு பேரும் இருங்க. இவன் இங்க இருக்க வேண்டாம். இன்னைக்கே அனுப்பிரு."

"செரிங்க," என்றார் அப்பா. மண்வெட்டி மறுபடி மண்ணில் இறங்கியது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அறையில் நான் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவருகே வந்து நின்றாள். எல்லாம் அவள் காதுக்குப் போயிருந்தது.

"சாமி, அந்த வெளையாட்டுல ஜெயிச்சியா?"

கேலியா, வேதனையா என்று அவள் முகத்தில் தேடினேன். இரண்டும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஜெயிச்சனுங்கம்மா."

"ம்," என்றாள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலிருந்து இரண்டு லட்டுகளை எடுத்து ஒரு தாளில் மடித்து என் பையில் வைத்தாள்.

சேலத்துக்காரன் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். தன் அறையில் எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தான். அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு எருமப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கொல்லிமலை வெயிலில் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. தார் உருகும் வாடை வந்தது.

ஒன்றே முக்கால் மணி. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும். நாலு மணிக்கு அடுத்த சுற்று. நேற்றிலிருந்து மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பதில் போடவில்லை. இனி விளையாடப் போவதில்லை என்று குழியருகே நின்றபோதே முடிவு செய்திருந்தேன். உண்மையாகவே முடிவு செய்திருந்தேன்.

நாமக்கல் பஸ் இரண்டு மணிக்கு வரும். இரண்டே முக்காலுக்கு நாமக்கல். உடனே சேலம் பஸ் கிடைத்தால் நாலு மணிக்குச் சேலத்தை நெருங்கிக்கொண்டிருப்பேன். அந்த ரோட்டில் சிக்னல் எங்கே விட்டுப்போகும்? ராசிபுரம் தாண்டி ஒரு இடம் உண்டு. அந்த இடத்தை மூன்றரைக்கே கடந்துவிடுவோம். போனில் சார்ஜ் அறுபது இருக்கிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால், முன் இருக்கைக் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டால்…

பஸ் வந்து நின்றது. அப்பா பையை என் கையில் கொடுத்தார். அவர் உதடுகள் மூடுவதைப் பார்த்தேன். அப்போதுதான் அவர் இத்தனை நேரமும் என்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைத்தது. பேசி முடித்திருந்தார். பதிலுக்காக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செரிங்கப்பா," என்றேன்.

அவர் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எதற்குச் சரி என்று சொன்னேன் என்று இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.